அம்மாவும் ஏழாம் வாய்ப்பாடும்

2020 பிப்ரவரியில் அம்மா காலமானாள். 82 நடந்துகொண்டிருந்தது. அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் நடுக்குவாதம். பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். நீண்ட நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஆள் போன பிறகும் அது வீட்டைவிட்டுப் போவதில்லை. அம்மா என்று நினைத்தாலே எனக்கு முதலில் வந்து நிற்பது கட்டில், மாத்திரை டப்பா, நேரம் எழுதிச் சுவரில் ஒட்டிய அட்டை. இதையெல்லாம் விலக்கிக்கொண்டு உள்ளே போனால்தான் அம்மா கிடைக்கிறாள்.

எனக்காவது விலக்கிப் பார்க்க ஏதோ இருக்கிறது. என் பேத்தி 2009இல் பிறந்தவள். ஒருநாள் பேச்சுவாக்கில், "பெரிய ஆயா சிரிக்கவே மாட்டாங்க இல்ல தாத்தா?" என்று கேட்டாள். அவள் பார்த்தது அந்த முகத்தைத்தான். அதற்கு முந்தைய எழுபது வருஷத்தை அவளுக்கு யார் சொல்வது? தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அம்மாவின் தங்கை, எங்கள் தொத்தா, போன வருஷம் போய்விட்டார். (சின்னம்மாவை எங்கள் பக்கத்தில் தொத்தா என்போம். அறிஞர் அண்ணாவும் தன்னை வளர்த்த சிற்றன்னையைத் தொத்தா என்றுதான் கூப்பிடுவார்.) அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

அம்மா பிறந்தது 1938இல், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அப்பாவும் அதே ஊர், நாலு தெரு தள்ளி. இரண்டு வீட்டிலும் பட்டுத் தறி. எங்கள் ஊரில் பழைய ஆட்களுக்கு வயதைக் கணக்கிட ஒரு வழி உண்டு. வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வருவார். 1939, 1979, 2019. "அத்தி வரதர் வந்தப்ப நான் இடுப்புல கீற கொழந்த" என்பது அம்மா தன் வயதைச் சொல்லும் விதம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. 17 வயதில் கல்யாணம். 1957இல் நான். எனக்குப் பிறகு ஒரு தம்பி, ஒரு தங்கை.

பட்டுச் சேலையைக் கட்டுபவர்களுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். காஞ்சிபுரம் சேலை என்றால் கோர்வைதான் பெருமை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தைத்துச் சேர்ப்பதில்லை. நெய்யும்போதே ஒவ்வொரு இழையாகக் கோத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. பழைய குழித்தறியில் ஒரே ஆளால் இந்த மூன்றையும் ஓட்ட முடியாது. தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, கரை நாடாவைக் கோத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் அம்மா.

காலை ஐந்தரைக்குத் தார் சுற்ற உட்காருவாள். எட்டு மணிக்குத் தறி. நடுவில் அடுப்பு, தண்ணீர், நாங்கள். அம்மா எழுந்து போனால் தறி நின்றுவிடும். அதனால் அவள் எழுந்ததும் நான் அந்தப் பலகையில் உட்காருவேன். ஒரு சேலை முடியப் பதினைந்து நாள், வேலைப்பாடு அதிகம் என்றால் இன்னும் கூட. கூலி சேலைக் கணக்கில் வரும். நோட்டுப் புத்தகத்தில் இருந்தது அப்பா பெயர். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகையில் படித்துக் காட்டினேன். "அது இன்னாடா?" என்றாள். நம்ம ஊர் பேரை வேற ஊர்க்காரங்க போட்டுக்கக் கூடாதுன்னு சட்டம் என்றேன். "ஊர் பேரு இருக்கட்டும். கரை போட்டவ பேர எங்க எழுதுவாங்க?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

ஆம், சிரித்தாள். பெரிய சத்தத்தோடு சிரிப்பாள். பக்கத்து வீட்டுத் தறி நின்று, "இன்னா விசேஷம்?" என்று குரல் வரும்.

எனக்குக் கணக்கு வந்தது அந்தத் தறியில்தான். நான் தரையில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்ல வேண்டும். அம்மா நாடாவைத் தள்ளும் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு வரி. ஓரேழு ஏழு, நாடா. ஈரேழு பதினாலு, நாடா. மூவேழு இருபத்தொண்ணு, நாடா. எனக்கு எட்டேழில் எப்போதும் தடுக்கும். உடனே, "தப்பு. மறுபடி மொதல்லேர்ந்து" என்பாள். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அம்மாவுக்கு அஞ்சாம் வாய்ப்பாட்டுக்கு மேல் தெரியாது. அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "நாடா போற நேரத்துக்கு உன் வாய் வரல. தெரிஞ்சிருந்தா வந்திருக்கும்" என்றாள். முப்பத்தைந்து வருஷம் அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பையன்களில் யாருக்கு விடை தெரியவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

எழுத்துக் கூட்டிப் படிப்பாளே தவிர, எடையில் அம்மாவை யாரும் ஏமாற்ற முடியாது. பட்டும் சரிகையும் எடை போட்டுத்தான் நெசவாளிக்குக் கொடுப்பார்கள். சேலை முடிந்ததும் அதை எடை போட்டுக் கணக்குத் தீர்ப்பார்கள். ஒருமுறை ஒரு முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை பட்டு குறைகிறது என்று கூலியில் பிடித்தார். அப்பா சண்டைக்குப் போகாத மனுஷர். அம்மா போனாள். தராசுத் தட்டைக் கையால் தொட்டுப் பார்த்து, "மொதல்ல இத தொடைச்சிட்டு எடை போடுங்க. நேத்து இதுல என்னா நிறுத்தீங்க?" என்றாள். தட்டின் அடியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பிடித்த பணம் வந்தது. அதற்குப் பிறகு அவர் அம்மாவைப் பார்த்தாலே தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அதையும் வீட்டில் வந்து நடித்துக் காட்டிச் சிரிப்பாள்.

எங்கள் ஊர் நெசவாளிகளைப் பற்றி பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' படம் டி.வி.யில் வந்தபோது எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். பிரகாஷ்ராஜ் மகள் கல்யாணச் சேலைக்காகப் பட்டு இழையை வாயில் ஒளித்து எடுத்து வருவார். என் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள். அம்மா மட்டும், "வாயில வெச்சி எடுத்து எந்தக் காலத்துல ஒரு சேலைக்குச் சேக்கறது? அதுக்குள்ள பொண்ணு கெழவியாயிடுவா" என்றாள். அப்போதே நோய் வந்தாகிவிட்டது. வலது கை விரல்கள் மடியில் மெதுவாக உருண்டுகொண்டிருந்தன.

1979இல் அத்தி வரதர் வந்தபோது அம்மாவுக்கு 41 வயது. தறியில் இருந்த சேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு கட்டிக்கொண்டு எங்கள் எல்லோரையும் அழைத்துப் போனாள். சின்ன காஞ்சிபுரத்தில் வரிசையில் பாதி நாள் நின்றோம். பார்த்துவிட்டு வெளியே வந்ததும், "போன தடவ நான் பாத்தப்ப இன்னும் பெருசா இருந்தாரு" என்றாள். போன தடவை அவளுக்கு ஒரு வயது. வரிசையில் நின்ற முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அப்பா 2003இல் போனார். அடுத்த வருஷம் தறியைப் பிரித்தோம். குழியை மூடிச் சிமெண்ட் போட்டோம். அம்மா கொஞ்ச நாள் பக்கத்து வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்தாள்.

இந்த நோய் எப்போது வந்தது என்று பின்னால் யோசித்தால், 2008க்கு வெகு முன்பே வந்திருக்க வேண்டும். பெருமாள் கோயில் இட்லி அம்மாவுக்கு உயிர். மந்தாரை இலை வைத்து மூங்கில் குடலையில் வேகவைப்பது. சுக்கும் மிளகும் சீரகமும் தெருவுக்கே மணக்கும். "இப்பல்லாம் சுக்கு போடறதே இல்ல. வாசனையே காணோம்" என்று வருஷக்கணக்காகக் குறை சொன்னாள். மல்லிகைப்பூவையும் அப்படியே சொன்னாள். எங்களுக்கு மணந்தது. முகரும் சக்தி குறைவது இந்த நோயின் மிக முந்தைய அறிகுறிகளில் ஒன்று, நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்பே வரலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். இட்லியின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்து வலது தோள்பட்டை வலி. நாற்பது வருஷம் நாடா தள்ளிய கை, வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மருத்துவமனையில் தோள்பட்டை இறுகிவிட்டது என்று இரண்டு வருஷம் ஊசியும் பயிற்சியுமாகப் போனது. நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டி இருப்பதை முதலில் கவனித்தது தொத்தாதான். "அக்கா கைய கட்டிக்கினு நடக்கறா, பாருங்க" என்றார். 2010இல் சென்னையில் நரம்பியல் டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எதுவும் பார்க்கும் முன்பே, அம்மாவை நடக்கச் சொல்லி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொல்லிப் பார்த்தார். பெயரைச் சொல்லிவிட்டார்.

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817இல் இந்த நோயை முதலில் விவரமாக எழுதினார். மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. யோசிக்காமல் செய்யும் அசைவுகள் எல்லாம், அதாவது நடப்பது, கை வீசுவது, எச்சில் விழுங்குவது, கண் இமைப்பது, மெதுவாகிவிடும். குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. டோபமினாக மாறக்கூடிய லெவோடோபா மாத்திரை 1960களில் வந்தது. இன்றும் அதுதான் முக்கிய மருந்து. பூனைக்காலி விதையில் இதே பொருள் இருப்பது உண்மை. தெரிந்தவர்கள் சூரணம் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு தெரியாமல் போய்விடும், வேண்டாம் என்று டாக்டர் தடுத்தார்.

இந்த மாத்திரையில் ஒரு சூட்சுமம் உண்டு. பருப்பு, தயிர், முட்டை போன்ற புரத உணவோடு சேர்ந்தால் அது சரியாக வேலை செய்யாது. சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் கொடுக்க வேண்டும். நேரம் தவறினால் அம்மா இருந்த இடத்தில் சிலையாகிவிடுவாள். சுவரில் அட்டை ஒட்டியது அதற்காகத்தான். இதையெல்லாம் நானே செய்ததுபோல் எழுதினால் என் மனைவி படித்துவிட்டுச் சிரிப்பாள். குளிப்பாட்டியது, தலை வாரியது, இரவில் மூன்று முறை எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தது எல்லாம் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டிலிருந்து தங்கை வருவாள். 2015இல் ஓய்வு பெற்ற பிறகு என் பங்கு நடை.

நடைதான் பெரிய பாடு. எழுந்து நான்கு அடி வைப்பாள். வாசற்படி வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கால் வராது. இரண்டு முறை விழுந்தாள். பிசியோதெரபி செய்ய வந்த பெண், தரையில் குறுக்குக் கோடுகள் போடுங்கள், கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் வரும் என்றார். முதலில் கோலமாவில் போட்டேன். அம்மா குனிந்து பார்த்து, "இது இன்னா கோலம்? ரேஷன் கடை க்யூ மாதிரி கீது" என்றாள். பிறகு கட்டிலிலிருந்து குளியலறை வரை அடிக்கு ஒன்றாகப் பட்டை ஒட்டினோம். கால் வந்தது. அந்தப் பெண்ணே இன்னொன்றும் சொன்னார். தாளம் போட்டாலும் வரும், கைதட்டிப் பாருங்கள், இல்லை ஒரு பாட்டுப் பாடுங்கள் என்றார். தானாக நடக்க வைக்கும் மூளைப் பாதை பழுதாகிவிட்டது, கண்ணுக்கும் காதுக்கும் வெளியிலிருந்து ஒரு அடையாளம் கிடைத்தால் வேறு பாதையில் அந்த உத்தரவு காலுக்குப் போகும் என்று விளக்கினார்.

எனக்குப் பாட்டு வராது. வாயில் வந்தது வாய்ப்பாடு. ஓரேழு ஏழு என்றேன். ஒரு அடி வந்தது. ஈரேழு பதினாலு, அடுத்த அடி. எட்டேழு ஐம்பத்தாறில் வாசற்படியைத் தாண்டிவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அம்மா நடக்கிறாள் என்றால் வாய்ப்பாடு கேட்கும். குளியலறைக்கு ஏழாம் வாய்ப்பாடு போதும். வாசல் திண்ணைக்குப் போவதென்றால் எட்டையும் சேர்க்க வேண்டும். ஒருநாள் வேண்டுமென்றே எட்டேழில் நிறுத்திப் பார்த்தேன். அம்மாவும் நின்றாள். கேட்கவே முடியாத சன்னக் குரலில், "தப்பு. மொதல்லேர்ந்து" என்றாள்.

முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும். நோய் முற்றும்போது முகத் தசைகளும் இறுகிவிடும். சந்தோஷமோ கோபமோ முகத்தில் எழுதாது. கண் இமைப்பதும் குறையும். பார்க்கிறவர்களுக்கு முறைப்பதுபோல, அல்லது ஒன்றும் புரியாததுபோலத் தெரியும். டாக்டர்கள் இதை முகமூடி முகம் என்றே சொல்கிறார்கள். உள்ளே சிரிப்பு வருகிறது, வெளியே வர வழி இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் அம்மாவிடம் பேசுவதை விட்டுவிட்டு, அம்மாவைப் பற்றி எங்களிடம் பேச ஆரம்பித்தார்கள். அவள் எதிரிலேயே. "பாவம், எதுவும் புரியாது இல்ல?"

2019 ஜூலை 1ஆம் தேதி அத்தி வரதர் மறுபடி வெளியே வந்தார். ஆகஸ்ட் 17 வரை ஊர் ஊராகவே இல்லை. ஒரு கோடிப் பேர் வந்து போனதாகச் சொன்னார்கள். காஞ்சிபுரத்தில் எல்லார் வீட்டிலும் உறவுக் கூட்டம். எங்கள் வீட்டிலும் பத்துப் பதினைந்து பேர் எந்நேரமும். தூரத்து உறவில் ஒருவர் தரிசனம் முடித்து வந்து, அம்மாவின் கட்டில் அருகே குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல, "ஆயா, வரதரைப் பாக்க வரியா?" என்று உரக்கக் கேட்டார். அம்மா வாயைத் திறக்கக் கொஞ்ச நேரமானது.

"இந்தத் தடவ கூட்டம் ஜாஸ்தி. அடுத்த தடவ பாத்துக்கறேன்."

அவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நெனவு தப்பிப் போச்சு, பாவம்" என்று என் காதருகே சொன்னார். அடுத்த தடவை 2059. அம்மாவுக்கு அப்போது 121 வயது இருக்கும். என் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. சமையலறையிலிருந்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நான். உறவுக்காரர் எங்கள் இருவரையும் திகைத்துப் பார்த்தார். அம்மாவின் முகம் ஒரு இழைகூட அசையவில்லை. கண் மட்டும் அவரை விட்டு என் பக்கம் திரும்பியது. கணக்குப்பிள்ளையை நடித்துக் காட்டிய அதே கண்.

கடைசி ஆறு மாதம் கஷ்டம். இல்லாத ஆட்கள் தெரிந்தார்கள். "தறியில யாரோ உக்காந்துகினு கீறாங்க, சோறு போடு" என்பாள். தறி இருந்த இடத்தில்தான் அவள் கட்டில் இருந்தது. விழுங்குவதும் சிரமமானது. கஞ்சியைக் கெட்டியாக்கி, தலையைத் தூக்கி வைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். அப்படியும் புரை ஏறி நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். அவ்வளவுதான்.

இந்த நோய் உள்ள வீடுகளில் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மாத்திரை நேரத்தை டாக்டர் சொல்வார், நடைக்கு வழி பிசியோதெரபிஸ்ட் சொல்வார். அந்த முகத்தை வைத்து உள்ளே இருப்பவரை முடிவு செய்துவிடாதீர்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள். அவர்கள் எதிரில் அவர்களைப் பற்றிப் பேசாதீர்கள், அவர்களிடம் பேசுங்கள்.

1984இல் என் கல்யாணத்துக்கு அப்பாவும் அம்மாவும் மருமகளுக்காகத் தங்கள் தறியில் ஒரு சேலை நெய்தார்கள். அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. கடையில் வாங்கினால் என்ன விலையோ, கூலி வாங்காமல் அவர்கள் நெய்த ஒரே சேலை அது என்று நினைக்கிறேன். மாமியாராகி அம்மா மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், கோர்வையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பது. "முன்னால எல்லாரும் அழகாத்தான் காட்டுவாங்க. பின்னால பாத்தாதான் வேலை தெரியும்." வருஷத்துக்கு இரண்டு முறை அதை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, சரிகை ஒரே இடத்தில் முறியாமல் மடிப்பை மாற்றி வைப்பாள் என் மனைவி. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். மடிக்கும் முன் அவள் எப்போதும் வலப்பக்கக் கரையைத் திருப்பி, உள்ளங்கையால் ஒருமுறை நீவிப் பார்ப்பாள். அந்தக் கரை முழுக்க அம்மா போட்டது. இழை எங்கும் தப்பவில்லை.